பைலகுப்பே தங்கக் கோயிலைக் கட்டினவர் சாமியாரா, வாத்தியாரா, மேஸ்திரியா?

வாய்க்கால்மேடு (கோபி) எழுதியது:

வணக்கமுங்க. இதைப் பயணப் பகுதியில் போடுவதா ஆன்மிகப் பகுதியில் போடுவதா என்று தெரியாமல் இங்கே போடுகிறேன், இடம் தப்பென்றால் நிர்வாகிகள் எடுத்து மாற்றிவிடுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் ஈரோட்டுக்கு ஸ்வெட்டர் கடை போட வரும் திபெத்துக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு அக்காவிடம் எங்கள் அம்மா பத்துப் பன்னிரண்டு வருசமாக வாங்குகிறார். நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டால், மார்கழி விடியலில் மாட்டுக்கடியில் உட்கார்ந்து பால் கறந்து பார், அப்புறம் பேசு என்பார். அந்த அக்கா வருசா வருசம் எங்க ஊருக்கு ஒருக்கா வாங்க என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, போன மாதம்தான் அமைந்தது. பண்ணாரி செக்போஸ்ட் காலையில் திறந்ததும் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, சாம்ராஜ்நகர், மைசூர், ஹுன்சூர் என்று போய் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு பைலகுப்பே சேர்ந்தோம்.

தங்கக் கோயில் என்று எல்லாரும் சொல்கிற நாம்ட்ரோலிங் மடம். உள்ளே நடுவில் 60 அடிக்குப் புத்தர், இரண்டு பக்கமும் அதைவிட ஒரு முழம் குறைவாக இன்னும் இரண்டு சிலைகள். அதை எல்லாரும் போட்டோ எடுத்துப் போட்டாயிற்று, விடுங்கள். நான் போன நேரம் பக்கத்து மண்டபத்தில் வழிபாடு. நானூறு ஐநூறு பேர் வரிசையாகச் சம்மணம் போட்டு ஓதுகிறார்கள், நடுநடுவே ஆள் உயர எக்காளம் அடிவயிற்றில் அதிர்கிறது. கடைசி வரிசையில் ஒரு பொடியன், எட்டு வயது இருக்கும், தலை மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து பக்கத்துப் பையன் தோளைத் தொடுவதும் திடுக்கென்று நிமிர்வதுமாக இருந்தான். வாட்டசாட்டமான ஒரு துறவி வரிசைக்கு நடுவே நடந்து வந்தார், ஒன்றும் பேசவில்லை, அவன் பக்கத்தில் சும்மா நின்றார். பையன் கண்ணை அகலத் திறந்துகொண்டு பெரிய சத்தமாக ஓத ஆரம்பித்துவிட்டான். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பெரிய சாமி இவருதானாட்டருக்குது" என்றார்.

அங்கே ஒரு படத்துக்கு வெள்ளைத் துண்டுகள் நிறையப் போட்டிருந்தார்கள். எங்கள் கூட வந்த ஆட்டோக்காரர், இவர்தான் மடத்தைக் கட்டினவர், ஆரம்பத்தில் தானே கல்லும் மண்ணும் சுமந்தவர் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து கூட்டாளி ஒருத்தனிடம் இதைச் சொன்னால், மடாதிபதி மண் சுமந்தாராம், நீ நம்பினாயாம் என்று நக்கல் அடிக்கிறான்.

நான் கேட்பது இதுதானுங்க. அந்த மனிதர் யார்? அவர்கள் மடத்துத் தலைவருக்கு வேலை என்ன, நம்ம ஆதீனம் மாதிரியா? தங்கச் சிலை வைத்தது போக, ஊருக்கு உலகத்துக்கு என்ன செய்தார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரை (ஈரோடு) எழுதியது:

முதலில் அம்மாவின் சந்தேகத்தைத் தீர்க்கிறேன். அவர் பார்த்தது பெரிய சாமி இல்லை. அந்தப் பதவிக்கு கெக்கோ என்று பேர், ஒழுங்கு பார்க்கிறவர், நம் பள்ளிக்கூட பி.டி. வாத்தியார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓதுவதை முன்னின்று தொடங்குகிறவர் உம்ஸே. பண்டகசாலை, வரவு செலவு பார்ப்பவர் ஞேர்பா. இவர்களுக்கெல்லாம் மேலே படிப்புக்குப் பொறுப்பானவர்தான் கென்போ, மடத்துத் தலைவர் என்று பொதுவாக நாம் சொல்வது அவரை. உபாத்தியாய என்கிற சமஸ்கிருதச் சொல்லுக்குத் திபெத்தியர்கள் வைத்த மொழிபெயர்ப்பு அது. அதே உபாத்தியாயர்தான் தமிழில் தேய்ந்து தேய்ந்து வாத்தியார் ஆனார். ஆக தலைப்பில் நீங்கள் விளையாட்டாகக் கேட்ட மூன்றில் நடுவில் இருப்பது அகராதிப்படியே சரி.

இப்போது படத்தில் இருந்தவர். பேர் பேனோர் ரின்போச்சே, ரின்போச்சே என்பது பெரிய லாமாக்களுக்குச் சொல்லும் மரியாதைப் பட்டம். பெமா நோர்பு என்பதைச் சுருக்கினால் பேனோர். பெமா என்பது நம் பத்மம், நோர்பு என்றால் மணி. 1932-ல் திபெத்தின் கம் பகுதியில் பிறந்தார், 1665-ல் தொடங்கிய பால்யுல் மடத்தின் 11-வது பட்டத்துக்கு உரியவர் இவர்தான் என்று கண்டு 1936-ல் மடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நாலு வயசு. பால்வாடிக்குப் போகிற வயதில் பட்டம். ஆனால் பட்டம் கட்டினதோடு விட்டுவிடவில்லை, இருபது வருசத்துக்கு மேல் உட்காரவைத்துப் படிக்க வைத்தார்கள்.

1959-ல் சீனப் படையால் அங்கே நிலைமை கைமீறிப் போக, கிட்டத்தட்ட 300 பேர் கொண்ட கூட்டத்தோடு இந்திய எல்லையைப் பார்த்து நடந்தார். பசியும் பனியும் துப்பாக்கியுமாக வந்த வழி. வந்து சேர்ந்தது 30 பேர் போல. ஒரு கல்யாண வண்டி கிளம்பி, ஒரு வரிசை இருக்கைக்காரர்கள் மட்டும் வீடு திரும்பினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1961-ல் பைலகுப்பே. மைசூர் மாநில அரசு அகதிகளுக்கு ஏறத்தாழ 3,000 ஏக்கர் ஒதுக்கியிருந்தது, ஏக்கர் என்றதும் வயல் என்று எண்ண வேண்டாம், மரம் வெட்டி, முள் எரித்து, யானையை விரட்டித்தான் மக்காச்சோளம் போட்டார்கள். குளிர் தேசத்து உடம்புக்கு அந்தச் சூடு ஒத்துக்கொள்ளாமலே பலர் போய்விட்டார்கள்.

மடம் தொடங்கினது 1963-ல். முதல் கோயில் மூங்கிலால் கட்டியது, அளவு சுமார் 80 சதுர அடி. நம்ம பக்கம் ஆட்டுப்பட்டிக்கே அதைவிடக் கூடுதலாக இடம் விடுவோம். கூட இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய துறவிகள். கையில் காசில்லை, கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. அதனால் உங்கள் கூட்டாளியிடம் சொல்லுங்கள், அவர் மண் சுமந்தது பக்திக் கதை இல்லை, வேறு ஆள் இல்லாத கதை. காலையில் இருந்து பொழுது சாயும்வரை வேலை செய்து கை கொப்புளித்து ரத்தம் வந்தது என்று மடத்து வரலாறே சொல்கிறது.

அப்புறம் 1978-ல் உயர்கல்விக்கென்று நிங்மா கல்லூரி, நிங்மா என்பது திபெத்திய பௌத்தத்தில் மிகப் பழைய பிரிவு, இந்த மடம் அதைச் சேர்ந்தது. 1993-ல் பெண் துறவிகளுக்குத் தனி மடம். மருத்துவமனை ஒன்று. நீங்கள் பார்த்த தங்கக் கோயில் 1999-ல்தான் தலாய் லாமா திறந்து வைத்தது. இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள், கல்லூரி வந்து இருபத்தோரு வருசம் கழித்துத்தான் 60 அடிச் சிலை. 1993 முதல் 2001 வரை நிங்மா மரபு முழுவதற்கும் தலைவராக இருந்தார். 2009 மார்ச் 27-ல் அதே மடத்தில் காலமானார். இப்போது பட்டத்தில் இருப்பவர் கர்மா குச்சென் ரின்போச்சே.

சந்தேகப் பிராணி (திருப்பூர்) எழுதியது:

எல்லாம் சரி, எனக்கு ஒன்று இடிக்கிறது. கேள்வியில் கடைசியாக ஊருக்கு என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறார், ஏட்டுச்சுரை சொன்னது எல்லாம் மடத்துக்கு மடம் செய்தது. தன் ஆட்களுக்குப் பள்ளிக்கூடம், தன் ஆட்களுக்குக் கோயில். இதைப் பொதுச்சேவை என்றால் எங்கள் பனியன் கம்பெனிக்காரர் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கட்டினதும் பொதுச்சேவைதான்.

சேவை என்றால் நான் தாய்லாந்தைச் சொல்வேன். அங்கே தாம் கிராபோக் என்று ஒரு மடம், 1959-ல் அந்த நாடு அபினைத் தடை செய்தபோது, போதையை விட முடியாமல் தவித்தவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். மடத்தைத் தொடங்கினவர் ஒரு பெண் துறவி, தலைவராக இருந்த சம்ரூன் பார்ன்சந்த் அவருக்கு மருமகன் முறை, துறவி ஆவதற்கு முன்னால் போலீஸ்காரர். வைத்தியம் கேட்டால் சிரிப்பு வரும், மூலிகைக் கஷாயத்தைக் குடிக்கவைத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கவைத்து, வரிசையாக உட்காரவைத்து வாந்தி எடுக்க வைப்பார்கள், அஞ்சு நாள். அதற்கு முன்னால் இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார்கள், சத்தியத்தை மீறினால் மறுபடி சேர்ப்பதில்லை. 1975-ல் மகசேசே விருது கொடுத்தார்கள் அந்தத் தலைவருக்கு. டாஸ்மாக் வாசலில் பகல் 12 மணிக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் நம்ம ஊர் மடம் ஒன்றாவது இப்படி இறங்கக்கூடாதா என்று தோன்றும்.

இன்னொன்று. உங்கள் பேனோர் ரின்போச்சே 1997-ல் ஹாலிவுட் சண்டைப்பட நடிகர் ஸ்டீவன் சீகலை முற்பிறவியில் ஒரு லாமா என்று அறிவித்தாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஆளை அடித்துக் கையை முறிக்கிறவர் அவதாரமா? நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன், பௌத்தத்தின் மேல் கோபம் ஒன்றும் இல்லை, ஆனால் புகழ் பாடும்போது பக்கத்தை மறைக்கக்கூடாது.

குழித்தறி (பவானி) எழுதியது:

அண்ணன்மார் இரண்டு பேரும் புத்தகம் பேசுகிறீர்கள், நான் ஜமுக்காளம் விற்றவன், அந்தக் கதையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கர்நாடகத்தில் ஒரு திபெத்திய மடம், எந்த மடம் என்று வேண்டாம், பைலகுப்பே இல்லை. கல்யாணப் பந்திக்கு விரிக்கிற நீள ஜமுக்காளம் இருக்கிறதே, அதே மாதிரி துறவிகள் வரிசையாக உட்கார்ந்து ஓதுவதற்கு வேண்டும் என்று மைசூர் வியாபாரி ஒருவர் மூலமாக வந்தது. நம்ம வழக்கமான பச்சை சிவப்புப் பட்டை வேண்டாமாம், முழுக்க அவர்கள் உடுப்பு நிறத்தில், அந்த அரக்குச் சிவப்பில். எங்கள் அப்பாரு காலத்துத் தறி, அகலத் துணிக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் நெய்ய முடியும், நானும் என் மாமனும் ஒரு மாதம் நெய்தோம்.

கொண்டுபோய் விரித்துவிட்டு வந்து பத்து நாளில் போன். சாயம் போகிறதாம். மறுநாளே பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் நாற்பது ஐம்பது பையன்கள் வெளியே கல்மேடையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள், பாதம் எல்லாம் மருதாணி வைத்தாற்போல் சிவப்பு. மழைக்காலம், ஈரக்காலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தப்பு என்னுடையதுதான், கூலி மிச்சம் பிடிக்க வழக்கமான சாயப்பட்டறையை விட்டு வேறொரு இடத்தில் நூல் போட்டிருந்தேன், சரியாக அலசாமல் கொடுத்துவிட்டான்.

எனக்கு வேர்த்துவிட்டது. கூட்டிக்கொண்டுபோய் கென்போ முன்னால் நிறுத்தினார்கள். வயதானவர், மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியிருந்தது. எங்கள் வீட்டில் பேச்சுக் கன்னடம்தான் என்பதால் கன்னடத்தில் பேசினேன், அவருக்கும் கன்னடம் நன்றாகவே வந்தது. ஜமுக்காளத்தின் ஓரத்தைக் கையில் எடுத்து, மடக்கி, ஊடை எத்தனை நெருக்கம் என்று நகத்தால் கீறிப் பார்த்தார். நெசவு நல்ல நெசவு, சாயம்தான் ஏமாற்றிவிட்டது, இல்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருபது வருசம் தாங்குமா? தாங்கும். அப்படியானால் திருப்பி எடுத்துப் போகாதே, மூன்று தரம் உப்புத்தண்ணீரில் அலசி வெயிலில் போட்டால் நிற்குமா? நிற்கும் என்றேன். பையன்களைக் கூப்பிட்டுத் திபெத்திய மொழியில் என்னவோ சொன்னார், எல்லாரும் என் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் அந்தப் பையன்களோடு சேர்ந்து இரண்டு நாள் நானும் ஜமுக்காளம் அலசினேன், சாப்பாடு அவர்களோடுதான், மொச்சைக்கொட்டையாட்டம் ஒரு பருப்பும், வெந்த மாவு உருண்டையும்.

இதில் ஒரு சேதி. அவர் பெருந்தன்மையாகப் பேசினார் என்று முழுப்பணம் வாங்கிக்கொண்டு வரலாம் என்று நினைத்தேன். பணம் என்றதும் அது ஞேர்பாவின் வேலை என்று கையைக் காட்டிவிட்டார். ஞேர்பா என்றால் ஏட்டுச்சுரை சொன்ன அந்தக் கணக்கப்பிள்ளை சாமி. அவர் நோட்டை விரித்து, சாயத்துக்காகக் கூலியில் இவ்வளவு பிடித்தம் என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கித்தான் மீதியைக் கொடுத்தார். இரண்டு நாள் அலசினதற்குக் கூலி? கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாப்பாட்டுக்கணக்கைக் காட்டியிருப்பார், அப்படிப்பட்ட ஆள்.

கென்போவின் அறையைப் பார்த்தேன். கட்டில், புத்தகக் கட்டு துணியில் சுற்றியது சுவர் முழுக்க, ஒரு பிளாஸ்க். சாயங்காலம் பையன்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள், ஒருவனுக்குப் பல்வலி, ஒருவனுக்கு வீட்டு நினைப்பு, மூன்றாமவன் மனப்பாடம் ஒப்பிக்கத் தவறி கெக்கோவிடம் மாட்டினவன். மூன்றையும் அவர்தான் விசாரித்தார். அங்கே மடாதிபதிக்கு என்ன வேலை என்று கேட்டால் எனக்கு இந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும்.

பேரூர்ப் பிள்ளை (கோவை) எழுதியது:

குழித்தறி அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன்.

ஆதீனத்தோடு ஒப்பிட்டுக் கேட்டதால் நான் எழுதுகிறேன், நான் பேரூரில் தமிழ் படித்தவள். எங்கள் பேரூர் ஆதீனம் சாந்தலிங்க இராமசாமி அடிகளார் 2018-ல் மறைந்தார். அவர் காலத்தில் வளர்ந்த அந்தத் தமிழ்க் கல்லூரி 1953-ல் தொடங்கினது. கிராமத்துப் பிள்ளைகள், அதிலும் எங்கள் மாதிரி வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பெண்கள், புலவர் பட்டம் வாங்கிப் பள்ளிக்கூட வேலைக்குப் போனது அதனால். கோயில்களில் தமிழில் வழிபாடு, தமிழில் குடமுழுக்கு என்று அவர் நின்றதும் ஊரறிந்தது. அதனால் மடம் என்றால் கல்விச்சாலை என்பது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை, பைலகுப்பேயிலும் அதே கதைதான்.

வித்தியாசம் எங்கே என்றால், நம் மடங்களில் பட்டத்தில் இருப்பவர் அடுத்தவரைத் தெரிந்தெடுத்து இளைய பட்டம் கட்டுவார். அவர்களிடம் இரண்டு வழி இருக்கிறது. மறுபிறவி என்று குழந்தையிலேயே அடையாளம் கண்டு பட்டத்தில் வைப்பது ஒன்று, பேனோர் ரின்போச்சே வந்த வழி. படித்து வருவது இன்னொன்று. நிங்மா கல்லூரியில் ஒன்பது வருசப் படிப்பு, தர்க்கம், துறவு விதிகள், தத்துவம் எல்லாம், அப்புறம் பல வருசம் பாடம் சொல்லிக்கொடுத்தால்தான் கென்போ. யார் வீட்டுப் பையனாக இருந்தாலும் இந்த வழியில் மேலே வரலாம்.

சந்தேகப் பிராணிக்கு: தன் ஆட்களுக்குப் பள்ளிக்கூடம் என்கிறீர்கள். ஊர், மொழி, புத்தகம் எல்லாம் போய் 30 பேராக வந்து நின்றவர்களுக்கு அந்தத் தன் ஆட்கள்தானே ஊரும் உலகமும்? பனியன் கம்பெனியோடு அதைச் சேர்ப்பது அநியாயம்.

ஏட்டுச்சுரை (ஈரோடு) எழுதியது:

பேரூர்ப் பிள்ளை சொன்னதற்கு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். பௌத்தத் துறவு விதிப்படி ஒருத்தருக்கு முழுத்துறவு கொடுக்கத் தனி ஆளால் முடியாது. நடுநாடு என்று அவர்கள் சொல்லும், புத்தர் வாழ்ந்த வட இந்தியப் பகுதியில் பத்துத் துறவிகள் கூடவேண்டும், எல்லைப்புற நாடுகளில் குறைந்தது ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் முறைப்படி துறவு வாங்கினவர்களாக இருக்கவேண்டும், அவர்களுக்குக் கொடுத்தவர்கள் அதேபோல், இப்படிப் பின்னால் போனால் புத்தர்வரை சங்கிலி அறக்கூடாது. திபெத்திய மரபில் முழுத்துறவிக்கு 253 விதிகள். இதெல்லாம் தெரிந்த கிழவர்கள் வழியில் ஒவ்வொருவராக விழுந்துகொண்டே வந்தால் என்ன ஆகும்? பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம், பாவே போய்விட்டால் தறியை வைத்து என்ன செய்வது, குழித்தறி அண்ணனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பத்துப் பேரில் ஆரம்பித்த மடத்தில் இன்று துறவியரும் பெண் துறவியருமாக ஐயாயிரம் பேர் வரை இருக்கிறார்கள் என்கிறார்கள். நேபாளம், பூட்டான், அருணாசலத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இதில் உண்டு. ஒருவேளைச் சோற்றுக்கு எத்தனை மூட்டை அரிசி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சீகல் விவகாரம், ஒப்புக்கொள்கிறேன், மறைக்க நினைக்கவில்லை, சுத்தமாக மறந்துபோனேன். 1997-ல் அறிவித்தது உண்மை, பௌத்தர்களே பலர் முகம் சுளித்ததும் உண்மை. அந்தப் படங்கள் வெறும் பொழுதுபோக்கு, அதை வைத்து ஆளை எடைபோட முடியாது என்கிற மாதிரி பின்னால் ஒரு விளக்கம் கொடுத்தார். எனக்கு அந்த விளக்கம் செரிக்கவில்லை. அதற்காக 1963-ல் சுமந்த மண் குறைந்துபோகாது.

சந்தேகப் பிராணி (திருப்பூர்) எழுதியது:

சரி, பனியன் கம்பெனியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சீகலை வாபஸ் வாங்க மாட்டேன்.

தாளவாடிக்காரன் எழுதியது:

பைலகுப்பேக்கு அவ்வளவு தூரம் எதற்குப் போனீர்கள்? ஆசனூர் தாண்டிக் கொள்ளேகால் ரோட்டைப் பிடித்தால் ஒடேயார்பாளையத்திலேயே திபெத்தியர் குடியிருப்பு இருக்கிறது. எழுபதுகளில் அமைத்தது. ஜொக்சென் மடமும் அங்கே உண்டு. கூட்டம் இல்லை, ஐஸ்கிரீம் வண்டி இல்லை. காட்டுக்குள் ஓரம் கட்டினாற்போல் சின்னச் சின்ன ஊர்கள், கொடி கட்டிய மரங்கள், சுற்றிலும் மக்காச்சோளம்.

நாங்கள் அந்தப் பக்கம் சோளத்துக்குப் போய்வருகிறவர்கள். மூட்டைக்கு எடை போடும்போது அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டே இருப்பார், தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். நம்ம ஆட்களின் எடைபோடும் சாமர்த்தியம் அவருக்குத் தெரிந்துவிட்டது போல. எங்கள் அப்பிச்சி முட்டிவலிக்கு அங்கே ஒரு திபெத்திய வைத்தியரிடம் மூன்று மாதம் மாத்திரை வாங்கினார், ஆட்டுப்புழுக்கையாட்டம் கறுப்பு உருண்டை, கடித்துத்தான் சாப்பிடவேண்டும், அப்படி ஒரு கசப்பு. முட்டி சரியானதா என்று கேட்காதீர்கள், ஆனால் அந்த வைத்தியர் நாடி பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அஞ்சு நிமிசம் பேசாமல் இருந்ததைப் பற்றி அப்பிச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு எச்சரிக்கை, ஆசனூர் ரோட்டில் பொழுதுசாய வண்டி ஓட்டாதீர்கள். கரும்பு லாரியை நிறுத்தி வாங்கித் தின்னப் பழகின யானைகள் அங்கே உண்டு, உங்கள் காரில் கரும்பு இல்லை என்று அதற்கு எடுத்துச் சொல்ல முடியாது.

வசிஷ்டநதி (ஆத்தூர்) எழுதியது:

ஆத்தூர் கொங்கா இல்லையா என்று ஏற்கெனவே இங்கே ஒரு இழையில் இருநூறு பதிவு சண்டை நடந்திருக்கிறது, அதை மறுபடி தொடங்கவில்லை. எங்கள் பக்கம் தியாகனூரில் ஆளுயரத்தை மிஞ்சின புத்தர் சிலை இருக்கிறது. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஆடு வெட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்த சாமி புத்தர்தான் என்று தொல்லியல் துறை ஆய்வு செய்து சொல்ல, 2022-ல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. கொல்லாமையைச் சொன்னவர் முன்னால் எத்தனை கிடா விழுந்ததோ.

காஞ்சிபுரத்தில் பிறந்த தர்மபாலர் நாளந்தாவுக்கே தலைவராக இருந்தவர், அவருடைய மாணவர் சீலபத்திரர்தான் யுவான் சுவாங்குக்குப் பாடம் சொன்னவர். அந்த நாளந்தாவில் இருந்து போன சாந்தரட்சிதர்தான் எட்டாம் நூற்றாண்டில் திபெத்தின் முதல் மடத்துக்கு முதல் கென்போ. பேனோர் ரின்போச்சே 30 பேரோடு தெற்கே இறங்கி வந்ததை, போன சரக்கு திரும்பி வந்த கணக்கில் எழுதிக்கொள்ளலாம். கொங்கில் சமணம்தான் அதிகம், விஜயமங்கலம், சீனாபுரம் என்று, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து திருத்துவார்கள்.

வாய்க்கால்மேடு (கோபி) எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவேயில்லை, எல்லாருக்கும் நன்றிங்க. கூட்டாளியை இந்த இழையைப் படிக்க வைத்தேன். மண் சுமந்ததை ஒப்புக்கொண்டான், சீகல் பெயரைப் பார்த்ததும் உயிர் வந்து மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

அம்மாவுக்கு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வாத்தியார் என்றதும், அதான் அந்தப் பையன் அப்படி முழிச்சிக்கிட்டான் என்றார். அவர் வாத்தியார் இல்லை கெக்கோ என்றேன், காதில் வாங்கவில்லை. 300 பேரில் 30 பேர் என்று வாசித்தபோது மட்டும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த ஸ்வெட்டர்காரப் புள்ளை அவங்க அம்மாவைப் பத்தி ஒருநாளும் பேசினதில்லை என்றார். நானும் அதை இதுவரை யோசித்ததில்லை.

இப்போது அவருக்கு அந்தப் பொடியன்களுக்கு ஏதாவது செய்யவேண்டுமாம். கவுந்தப்பாடியில் இருந்து நாட்டுச் சர்க்கரை இரண்டு மூட்டை வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போகலாம், டீக்கு ஆகும் என்கிறார். நேரே கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குவார்களா, முன்னாலேயே சொல்லவேண்டுமா?

குழித்தறி (பவானி) எழுதியது:

வாங்குவார்கள். மடத்து ஆபீசில் கேளுங்கள், ஞேர்பாவைக் காட்டுவார்கள், ரசீதும் கொடுப்பார்கள். வழிபாட்டுக்கு உட்காருகிற எல்லாருக்கும் ஒருவேளை டீயோ சாப்பாடோ நம் கணக்கில் கொடுப்பதும் உண்டு, அதையும் அங்கேயே எழுதிக்கொள்வார்கள். ஆனால் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள், அவர்களுடைய பழைய டீக்கு வெண்ணெயும் உப்பும்தான் போடுவார்கள். நான் முதல் தரம் குடித்துவிட்டு ரசத்தில் பால் ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வாய்க்கால்மேடு (கோபி) எழுதியது:

சொன்னேனுங்க. உப்புப் போட்ட டீயைக் குடிச்சுக்கிட்டு அத்தனை நேரம் ஓதினா புள்ளை தூங்காம என்ன பண்ணும் என்கிறார். சர்க்கரை மூன்று மூட்டை ஆகிவிட்டது.